தாள் அசையவே இல்லை
டீசால், அதாவது பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் படிப்பு, அதன் முதுகலையில் இது இரண்டாவது செமஸ்டர். கோட்பாட்டுப் பாடங்களைச் சமாளித்துவிடலாம், பயிற்சி வகுப்பு எடுக்கப் போனால்தான் சாயம் வெளுக்கிறது. நேற்று எனக்கு அரபு பேசுகிற நாலு பேர். ‘பாம்பு’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் ‘ப’ வேறு, கடைசி ‘பு’ வேறு இல்லையா, நமக்கு ஒரே எழுத்து, அவர்கள் மொழியில் அந்த முதல் ஒலியே கிடையாது. அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு, வாய்க்கு முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு ஆங்கில ‘பென்’ என்றால் காற்றில் தாள் துள்ள வேண்டும். நான் சொன்னேன். அசையவே இல்லை! தமிழ் ‘ப’வில் அந்தக் காற்று இல்லை என்பது தாளைத் தூக்கிய பிறகுதான் உறைத்தது. பின்வரிசையில் மேற்பார்வையாளர் மும்முரமாகக் குறிப்பெடுக்கிறார்.

போன வாரம்தான் என்.எஸ். பிரபுவைப் படித்தோம், 1979 முதல் 1984 வரை பெங்களூர் உள்ளிட்ட தென்னிந்தியப் பள்ளிகளில் இலக்கணத்தை நேராக நடத்தாமல் ரயில் அட்டவணை, வரைபடம் என்று வேலை கொடுத்தே ஆங்கிலம் கற்பித்த மனிதர். நம்ம ஊர்ச் சங்கதியை இங்கே ஃபீஸ் கட்டிப் படிக்கிறேன், அது வேறு கதை.

சரி, காலையிலிருந்து கண்ணாடி முன்னால் தாளும் கையுமாக ‘பென், பென்’. கொஞ்சம் அசைகிறது. வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.