ஒன்பது 'பி', நாலாவது பீரியட்

ஜூன் 11, 2025, புதன்

காட்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. ஒன்பது 'பி'க்கு ஆங்கிலம் என் பொறுப்பு. நாலாவது பீரியட், அதாவது சாப்பாட்டு மணிக்கு முந்தையது. ஜூன் பாதி ஆகப்போகிறது, வேலூர் வெயில் இன்னும் கோடை முடிந்ததை ஒப்புக்கொள்ளவில்லை.

கோரஸாகப் பதில் கேட்டால் கூரை பறக்கிறது. ஒருத்தரை மட்டும் எழுப்பினால் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்து பெஞ்சில் சிரிப்பு ஆரம்பமாகிறது. பதினாலு வயதில் ஆங்கிலம் தெரியாதது பெரிய அவமானம் இல்லை. தெரியாமல் வாயைத் திறந்து மாட்டிக்கொள்வதுதான் அவமானம்.

ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு மொழி வராது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். வீட்டில் உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கு பேசுகிறார்கள். ஒருவனுடைய அப்பாவுக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜில் வேலை. லீவு நாளில் அங்கே நின்று நின்று, கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்தியும் வங்காளமும் கலந்து வாடகை பேசுகிறான். அவனுக்கு யாரும் இலக்கணம் நடத்தவில்லை. வந்தவருக்கு ரூம் எவ்வளவு என்று தெரியாது, இவனுக்குத் தெரியும். அப்புறம் பேசாமல் எப்படி?

வகுப்பில் நாம் கேட்பதோ, கரும்பலகை என்ன நிறம் என்று. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் எதற்குப் பேச வேண்டும்? இந்த வருஷம் முடிந்தவரை, கேட்கிறவருக்குப் பதில் தெரியாத கேள்விகளாக வைத்து வகுப்பை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். நடப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

ஓடிப்போய்ப் படித்து வந்து சொல்லும் டிக்டேஷன். பழைய விளையாட்டுதான், பல ஊர் ஆங்கில வகுப்புகளில் நடப்பது. ஒரு சின்னப் பத்தியைப் பெரிய எழுத்தில் எழுதி வராண்டாச் சுவரில் ஒட்டினேன். ஜோடிக்கு ஒருத்தர் ஓட வேண்டும், ஒருத்தர் எழுத வேண்டும். ஓடுகிறவர் நினைவில் நிற்கிற அளவு படித்துக்கொண்டு வந்து காதோடு சொல்ல வேண்டும். பேப்பரும் பேனாவும் கையில் இருக்கக் கூடாது, அங்கிருந்தே கத்தக் கூடாது. பாதியில் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

பத்திக்கு நான் எடுத்துக்கொண்டது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பில் முள், இலையில் முள், குழம்பில் மட்டும் முள் இல்லை என்று எளிய வாக்கியங்கள். பாதிப் பேர் வீட்டில் நேற்றுகூட அதுதான் சமைத்திருப்பார்கள். கதை தெரிந்ததாக இருந்தால் மூளை முழுக்க மொழியில் நிற்கும். புதுக் கதை, புது மொழி இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால் ஓட்டம்தான் மிஞ்சும்.

சத்தத்துக்கு ஹெச்.எம். வந்து எட்டிப் பார்த்தார். நல்லவேளை, வராண்டாவில் நின்ற மூன்று பேரும் அப்போது வாய்க்குள் ஆங்கிலத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஒருத்தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தான். "மிஸ், பேப்பர் கூடாதுன்னு தானே சொன்னீங்க?" என்றான். சட்டப்படி சரிதான், விட்டுவிட்டேன்.

நான் உண்மையில் பார்க்க விரும்பியது ஓட்டத்தை அல்ல. எழுதுகிற பிள்ளை, "திரும்பச் சொல்லு, அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் என்ன, ஒன்றா பலவா?" என்று கேட்கிற இடத்தை. அதற்கு வேண்டிய மூன்று ஆங்கில வாக்கியங்களைக் கரும்பலகையின் ஓரத்தில் முன்பே எழுதி வைத்திருந்தேன். அந்த மூன்றையும் இன்று எத்தனை தடவை சொன்னார்களோ தெரியாது. நான் நடத்தியிருந்தால் இவ்வளவு தடவை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 18, புதன்

காட்பாடி ஜங்ஷன் பீரியட்.

ரயில் அட்டவணை இரண்டு விதமாகத் தயாரித்தேன். 'அ' தாளில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் நேரம் இருக்கும், லால்பாக் நேரம் காலியாக இருக்கும். 'ஆ' தாளில் நேர்மாறு. ஏலகிரி எக்ஸ்பிரஸ், இன்னும் சில வண்டிகள், பிளாட்பார எண், டிக்கெட் விலை எல்லாம் இப்படியே. நேரமும் விலையும் என் கற்பனை. நிஜ நேரம் மாறிக்கொண்டே இருக்கும், அதை நம்பி யாராவது வண்டியைத் தவற விடக் கூடாது. இருவரும் முதுகோடு முதுகு உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுக் காலியிடத்தை நிரப்ப வேண்டும். முதுகு காட்டி உட்காருவது முக்கியம். முகம் பார்த்து உட்கார்ந்தால் தாளை நீட்டிவிடுவார்கள், பேச்சு முடிந்தது.

ஆறு பதினைந்தும் ஆறு ஐம்பதும்தான் இன்றைய வில்லன்கள். ஃபிஃப்டீன் என்பதில் இரண்டாவது அசையை நீட்டி அழுத்த வேண்டும், ஃபிஃப்டி என்பதில் முதல் அசையை அழுத்த வேண்டும். இதைப் பாடமாகச் சொன்னால் யார் காதில் ஏறும்? இன்று ஒரு ஜோடி முப்பத்தைந்து நிமிஷ வித்தியாசத்தில் வண்டியைக் கோட்டைவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டது. அந்தச் சண்டையை அப்படியே நிறுத்தி, அந்த இடத்தில் சொன்னேன். ஏறியது.

இந்த வகையில் நமக்கு ஓர் உள்ளூர் முன்னோடி உண்டு. மதராஸில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. இலக்கணத்தை வரிசை போட்டு நடத்தாமல் வரைபடம், கால அட்டவணை என்று ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து, பிள்ளைகளின் மூளையை அந்த வேலையில் இறக்கிவிடுவது. வேலைகளை மூன்றாகப் பிரித்தார்: ஒருவரிடம் உள்ள தகவல் இன்னொருவரிடம் இல்லாதது, கொடுத்த தகவலிலிருந்து யோசித்துக் கண்டுபிடிப்பது, சொந்தக் கருத்தைச் சொல்வது. இவற்றில் யோசிக்கிற வேலைதான் வகுப்புக்கு ரொம்ப ஏற்றது என்றார்.

அதனால் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு கணக்கு: ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு பாட்டியை அழைத்துக்கொண்டு காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், கையில் இவ்வளவுதான் பணம், எந்த வண்டி? டிக்கெட் குறைந்த வண்டி தாமதமாக வருகிறது. ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸா ஆட்டோவா என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள், நான் கேட்கவே இல்லை.

குழுவாக உட்கார்த்துவதில் பிரபுவுக்கு நம்பிக்கை குறைவு. பிள்ளைகள் ஒருவர் தப்பை ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. நியாயம்தான். ஆனால் என் வகுப்பில் முன்னால் எழுந்து நின்று பேசச் சொன்னால் தப்பும் வராது, சரியும் வராது. நான் ஜோடியை விடுவதாக இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் கேட்டார். "என்ன மேடம், போர்ஷன் போகுதா, விளையாட்டு மட்டும்தானா?"

கிண்டல் இல்லை, அக்கறைதான். அடுத்த வருஷம் இதே பிள்ளைகள் பத்தாவதில் நூறு மார்க் பேப்பர் எழுத வேண்டும், முப்பத்தைந்து வாங்க வேண்டும், அந்தப் பேப்பரில் பேச்சுக்கு மார்க் கிடையாது. நான் சொன்னேன், பாடப் பத்தியையே சுவரில் ஒட்டி ஓட விடலாம் சார், போர்ஷனும் போகும். "அப்ப என் தேற்றத்தையும் ஒட்டிப் பாருங்க" என்றார். சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை. நான் ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

இன்று புது விளையாட்டு எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. மூன்று விநாடிக்குமேல் காத்திருந்தால் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அதுவும் அவர்கள் தாய்மொழியில் நடந்த அறிவியல் வகுப்புகள். இங்கே கேள்வியைத் தமிழில் மாற்றி, தமிழில் பதில் யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு வர வேண்டும். ஒரு விநாடியில் என்ன நடக்கும்?

மனசுக்குள் எண்ணிக்கொண்டே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றால்தான் தெரியும். வகுப்பு அமைதியாக இருந்தால் டீச்சருக்கு உடம்பு அரிக்கிறது. முதல் பெஞ்சுக்காரர்கள் முந்திக்கொள்வார்கள் என்பதால் கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். முதலில் நோட்டில் ஒரு வரி, அப்புறம் பக்கத்தில் உள்ளவரிடம் சொல்வது, அதற்கப்புறம்தான் வகுப்புக்கு. ஃபிராங்க் லைமன் 1981-இல் சொல்லிவைத்த முறை.

ஜூன் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து ஒரு முழு வாக்கியம் சொன்னாள். பக்கத்தில் உள்ளவளிடம் ஏற்கெனவே ஒத்திகை முடிந்துவிட்டதால் சிரிக்க யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் பெரிதாகப் பாராட்டவும் இல்லை. பாராட்டினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், நாளைக்கு மறுபடி வாயை மூடிக்கொள்வாள்.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டு நிஜம், ஒரு பொய். தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டுப் பொய்யைப் பிடிக்க வேண்டும்.

இதில் நல்ல பொய் சொல்லத்தான் உழைப்பு தேவை. "எங்கிட்ட பத்து யானை இருக்கு" என்றால் உடனே மாட்டுவார்கள். பின் பெஞ்சில் ஒருத்தன் சொன்னான்: எங்க பாட்டி பீடி சுற்றுவார், எனக்கு நீச்சல் தெரியும், காவலூர் தொலைநோக்கி வழியாகச் சனிக் கிரகத்தைப் பார்த்திருக்கிறேன். வகுப்பே காவலூரைப் பிடித்துக்கொண்டது. எப்போது போனாய், யாரோடு போனாய், வளையம் தெரிந்ததா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பொய் நீச்சல். பாலாறு இருக்கிற லட்சணத்தில் எங்கே கற்றுக்கொள்வது என்று அவனே கேட்டான்.

குறுக்குக் கேள்வியில்தான் இலக்கணம் அம்பலமாகிறது. 'டிட் யூ வென்ட்' நிறைய. நடுவில் புகுந்து திருத்தவில்லை. ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் பேர் சொல்லாமல் பலகையில் எழுதினேன். எது சரி என்று அவர்களே சொன்னார்கள். நடுவில் திருத்தினால், பொய்யைப் பிடிக்கிற வெறியில் இருந்த பிள்ளை மறுபடி பரீட்சை எழுதுகிற பிள்ளை ஆகிவிடும்.

ஜூலை 4, வெள்ளி

வழி சொல்லும் நாடகம். பழக்கமான பாடம், ஆனால் பாடப்புத்தகத்தில் வருகிற ஊரில் ஒரு போஸ்ட் ஆபீஸ், ஒரு பார்க், எல்லா ரோடும் நேர்கோடு. நான் சி.எம்.சி. பக்கத்துத் தெருக்களைப் படமாக வரைந்தேன். ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. இன்று அதைச் சுற்றி வங்காள எழுத்தில் போர்டுகள், லாட்ஜுகள், மீன் குழம்பு மெஸ்கள்.

வழி கேட்பவர் அட்டையில் ஒரு ரகசியச் சிக்கல் எழுதியிருக்கும்: முழங்கால் வலி, படி ஏற முடியாது. கையில் பணம் குறைவு. கூட வந்த தம்பியைக் காணோம். வழி சொல்பவருக்கு அது தெரியாது. சிக்கல் இல்லாத அட்டையை முதல் சுற்றில் கொடுத்தேன், இடது வலது என்று நாலு வரியில் முடிந்துவிட்டது. சிக்கலோடு கொடுத்ததும் பேச்சு நிற்கவில்லை.

லாட்ஜ் பையன் இன்று ராஜா. வழி கேட்பவராக வந்தவளைத் தடுத்து, ரிப்போர்ட் இருக்கிறதா, டோக்கன் போட்டாயா, முதலில் சாப்பிட்டாயா என்று வரிசையாகக் கேட்டான். கால வினைச்சொல் எல்லாம் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் சுற்றிலும் இருந்த ஜோடிகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு இவன் எப்படிப் பேசுகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கேட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

நாளை மறுநாள் ஜூலை 10, வேலூர்ப் புரட்சி நாள். அதனால் கிழித்த பத்தி விளையாட்டுக்கு அதையே எடுத்தேன்.

நாலு துண்டு. ஒன்றில் காரணம்: கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை. இரண்டாவதில் கோட்டை: உள்ளே திப்புவின் பிள்ளைகள் காவலில். மூன்றாவதில் 1806 ஜூலை 10 விடியுமுன் நடந்தது, மதில்மேல் ஏறிய மைசூர்க் கொடி. நாலாவதில் ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படைத் தலைவர் கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்தது, பீரங்கியால் கதவைப் பிளந்தது, அப்புறம் நடந்த படுகொலை. ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து புரிந்துகொண்டார்கள். பிறகு துண்டுக்கு ஒருவராகக் கலைந்து நாலு பேர் குழு. துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இனி நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் 'சுமாரான' பிள்ளைக்கும் மதிப்பு வந்துவிடுகிறது. மூன்றாவது துண்டு அவளிடம் மட்டும்தான் இருக்கிறது, கெட்டிக்காரனும் அவள் வாயைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியில் நான் வைத்திருந்த கேள்வி: கோட்டையைப் பிடித்தவர்கள் ஏன் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை? அதற்குள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆர்க்காட்டுக்குச் செய்தி போய், அங்கிருந்து படை வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தூரம் சுமார் 25 கிலோமீட்டர். குதிரை மணிக்கு எவ்வளவு ஓடும்? தொடர்ந்து ஓடுமா, நடுவில் தண்ணீர் குடிக்குமா? என்னைக் கேட்டார்கள், எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்றதும் ஒரு குழு கணக்கு நோட்டை எடுத்தது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ், கொஞ்சம் உருது.

ஜூலை 10, வியாழன்

குதிரை விஷயத்தில் இன்னும் முடிவு இல்லை. வீட்டில் கேட்டு வந்தவர்கள், பஸ் கண்டக்டரிடம் கேட்டு வந்தவர்கள், ஜட்கா வண்டி ஓட்டிய தாத்தாவிடம் கேட்டு வந்தவள். தாத்தா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளே நேற்று ராத்திரி எழுதி வைத்திருந்தாள், படிக்காமல் சொன்னாள். இரண்டு பேர் எதிர்த்தார்கள்: ஜட்காக் குதிரை வேறு, படைக் குதிரை வேறு. அந்த எதிர்ப்பும் ஆங்கிலத்தில்தான் வந்தது.

கணக்கு சாரை அடுத்த வாரம் ஒரு பீரியட் எங்கள் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வேகம், தூரம், நேரம் அவர் பாடம். வகுப்பில் தமிழ் பேச மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், பார்ப்போம். அவரிடம் என்ன கேட்பது என்று ஜோடி ஜோடியாகக் கேள்வி தயாரிக்கச் சொல்லியிருக்கிறேன். பதில் தெரிந்த கேள்வியாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியாயிற்று.