அகாயாவின் அரை டிராக்மா: ஊரை அறிவதும் உப்புக்காற்றில் காப்பதும்

பண்டைய கிரேக்க நகரக் கூட்டணிக் காசுகளில் விலை கட்டுப்படியாவது அகாயா கூட்டணியின் வெள்ளி அரை டிராக்மாதான் (டிராக்மா என்பது கிரேக்க வெள்ளிக்காசு). கி.மு. 280 அளவில் புத்துயிர் பெற்று, கி.மு. 146இல் உரோமர் கொரிந்து நகரை அழித்ததோடு முடிந்த கூட்டணி அது.

முன்பக்கம் இலைமாலை சூடிய சியூஸ் என்ற கிரேக்கக் கடவுளின் தலை. பின்பக்கம் இலை வளையத்துக்குள் ஆல்ஃபா (Α), கை (Χ) என்ற இரு கிரேக்க எழுத்துகள் பிணைந்த கூட்டெழுத்து. பெரும்பாலான ஊர்களுக்கு இவை பொது என்பதால் இவற்றை வைத்துக் காசு அடித்த ஊரைச் சொல்லமுடியாது. கூட்டெழுத்தைச் சுற்றியுள்ள பொடிக்குறிகளைப் பாருங்கள். புறா என்றால் சிக்கியோன், பறக்கும் குதிரை கொரிந்து, குழலடுக்கு மெகாலோபோலிஸ், டொல்பின் பத்திரை, இரட்டைக் குல்லாய் ஸ்பார்ட்டா. குறியோடு பக்கத்து எழுத்துகளும் ஒத்துவந்தால்தான் உறுதி. காசு ஏறத்தாழ 15 மி.மீ.தான்; அடி கொஞ்சம் விலகினாலே குறி விளிம்புக்கு வெளியே போய்விடும். அப்படியானதை ஊர் பெயர் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

அடுத்தது எடை. 2.2 முதல் 2.5 கிராம் வரை இருந்தால் சரி. செம்பின் மேல் வெள்ளித்தகடு போர்த்திய போலிகள் அந்தக் காலத்திலேயே உண்டு. அவற்றைப் பிடிக்க, 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசில் தண்ணீர்க் கிளாஸை வைத்துப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். 2.40 கிராம் காசு வெள்ளியானால் 0.23 அளவில் காட்டும். உள்ளே செம்பானால் 0.27ஐ நெருங்கும். குமிழி ஒட்டினால் கணக்குப் பிழைக்கும். தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விடுங்கள். நாட்பட்டு உள்ளே பொருபொருத்த நல்ல வெள்ளியும் செம்புபோலக் காட்டும், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். கடைக்காரர் உரைகல்லை எடுத்தால் தடுத்துவிடுங்கள். புளி போட்டுத் தேய்ப்பது அதைவிடக் கேடு: கறுப்போடு நுண்குறியும் போய்விடும்.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான மட்டக்களப்பில் காசைத் திறந்து வைப்பது வீண்வேலை. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ரப்பர் பட்டியில் கந்தகம் உண்டு, வெள்ளி கறுக்கும். மெத்தென்ற பீ.வி.சி. உறை சூட்டில் பச்சைப் பிசினைக் கக்கும். பொலியெஸ்டர் உறைதான் நல்லது. பிசின் பிடித்துவிட்டால் கண்ணாடிப் பாத்திரத்தில் சுத்த அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி சரிவராது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.