பேசாத நேரத்தில் பார்

2024 நவம்பர் 9, சனிக்கிழமை. இங்கே நியூஜெர்சியில் இருட்டிக்கொண்டு வந்தது. நம் டில்லிப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாரோ நடிகர் டெல்லி கணேஷ் படத்தைப் போட்டு, அடியில் '80 வயது' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அவர் போய்விட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண்முன் முதலில் வந்தது நம் தமிழ் சாரின் முகம்.

நம் பழைய மாணவர் மலருக்கு எழுதுகிறேன் என்றாலும், சாரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அரைக்கை வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, சாக்பீஸ் தூளைத் துடைக்க ஒரு மஞ்சள் துண்டு. இது போதும், உங்களுக்குத் தெரிந்துவிடும். சனி ஞாயிறுகளில் ரஃபி மார்கில் ஐஃபாக்ஸ் ஹாலிலோ மாவ்லங்கர் ஹாலிலோ தமிழ் நாடகம் என்றால் சார் போகாமல் இருக்கமாட்டார். டில்லியில் அப்போது மேடை ஏறியவர்களில் பெரும்பாலோர் பகலில் ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்தவர்கள். ஆபீஸ் விட்டு, பஸ் பிடித்து வந்து, ராத்திரி வரை ஒத்திகை பார்ப்பார்கள். அப்படி இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவில்தான் கணேஷும் நடித்தார். திருநெல்வேலிச் சீமையில் வல்லநாட்டில் பிறந்து, 1964 முதல் 1974 வரை விமானப்படையில் வேலை பார்த்தவர். அவரை அந்த நாளிலேயே மேடையில் பார்த்திருப்பதாக சார் சொல்வார். பெருமையாகச் சொல்லமாட்டார். இலக்கணம் நடத்துகிற அதே குரலில் சொல்வார்.

"அவர் பேசும்போது எல்லாரும்தான் பார்க்கிறாங்க. பேசாத நேரத்தில் என்ன செய்யறார்னு பாரு."

எனக்கு அப்போது இது விளங்கவில்லை. விளங்காததற்கு நான் கொடுத்த விலை 1984 ஆண்டு விழா.

நான் பத்தாம் வகுப்பு. அந்த வருஷ நாடகத்தில் நான்தான் ராஜா. ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. முப்பது பக்க வசனமும் எனக்கு மனப்பாடம். எங்கள் குவார்ட்டர்ஸில் அம்மா மூன்று மாடிக்கும் ஏறி இறங்கி அழைத்திருந்தார்கள். விழாவுக்கு நான்கு நாள் முன்பு மாடி ஹாலில் கடைசிச் சுற்று ஒத்திகை. மந்திரியாக நடித்தவன் நீண்ட வசனம் ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தான். சார் நடுவில் கை தட்டி நிறுத்தினார். என்னிடம் வந்து, "இப்ப மந்திரி என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாகத் தினம் கேட்ட வசனம். அவன் முடித்ததும் நான் சொல்லவேண்டியதை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சார் இன்னொரு தடவை கேட்டார். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. ஆறாம் வகுப்புப் பெண்கள் கோலாட்டக் குச்சிகளோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் தலையிலிருந்த அட்டைக் கிரீடத்தை இரண்டு கைகளாலும் எடுத்தார். தங்கக் காகிதத்தில் பசை சரியாகக் காயாமல் என் முடி நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தலையில் வைத்துவிட்டு, என் கையில் ஈட்டியைக் கொடுத்தார். ஒட்டடைக் கம்பில் வெள்ளித் தாள் சுற்றிய ஈட்டி.

"நீ வாயிற்காப்போன். நாற்பது நிமிஷம் மேடையில நிக்கணும். ஒரே வசனம். மத்த நேரமெல்லாம் கேளு."

விழா அன்று நின்றேன். "மன்னா, தூதுவர் வந்திருக்கிறார்" என்று சொன்னேன். வீட்டுக்கு வரும்வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், எதுவும் பேசவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் சார் வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து எல்லோரும் ஆட்டோகிராப் நோட்டை நீட்டியபோது நான் மட்டும் அவர் பக்கம் போகவில்லை.

சரி, கணேஷிடம் வருகிறேன். பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' 1977இல் வந்தது. அதுதான் அவருக்கு முதல் படம். பெயருக்கு முன்னால் 'டெல்லி'யைச் சேர்த்ததும் பாலசந்தர்தான். அதிலிருந்து நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல், நானூறுக்கும் அதிகமான படங்கள். 'மர்ம தேசம்' காலத்திலிருந்து சின்னத்திரையிலும் அவர் முகம் வீட்டுக்கு வீடு பழக்கம். இதையெல்லாம் நான் ஒழுங்காக வரிசைப்படி பார்த்தவன் இல்லை. டில்லியில் தமிழ்ப்படம் கிடைத்தபோதுதான் படம்.

நான் பார்த்ததில் முதலில் உறைத்தது 'பசி'. தேசிய விருது வாங்கிய படம் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் போட்டார்கள். நாடகம் முடிந்து சில மாதம் ஆகியிருக்கும். ஷோபாவுக்கு அப்பாவாக, ரிக்‌ஷா இழுக்கிறவராக இவர். அந்த வேடத்துக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஷோபா பேசுகிற இடங்களில் கண் தானாக அந்தப் பெண் பக்கம்தான் போகும், அவ்வளவு நல்ல நடிப்பு. அன்றைக்கு நான் பிடிவாதமாக அப்பாவையே பார்த்தேன். சார் சொன்னது பொய் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மகள் சொல்வது ஒவ்வொன்றும் அந்த மனிதருக்குள் இறங்குவது தெரிந்தது. பதில் சொல்வதற்கு முன்பே பதில் முகத்தில் வந்துவிடுகிறது. சார் மேல் கோபம் இன்னும் அதிகமாயிற்று. அவர் சொன்னது சரியாக இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்து 'சிந்து பைரவி', 1985. மிருதங்கக்காரர் குருமூர்த்தியாக இவர். குடிப்பழக்கத்துக்காகப் பாடகர் ஜே.கே.பி. அவரைக் கச்சேரியிலிருந்து ஒதுக்கிவைக்கிறார். பெரிய வித்வானுக்கு முன்னால் சின்ன வித்வான் கூனிக்குறுகி நிற்கிறார். கிரீடம் போன நாளின் ஹால் எனக்கு அப்படியே திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்த அவமானத்தை இத்தனை நுணுக்கமாக ஒருவர் முகத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. 1987இல் 'நாயகன்'. போலீஸ் அடியில் நைந்து கிடக்கும் ஐயராக இவர் வந்ததைப் பற்றி உங்களில் யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கே வந்த புதிதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊர் மளிகைச் சாமான் விற்கும் கடையில் வீடியோ கேசட்டும் வாடகைக்குக் கிடைக்கும். 'மைக்கேல் மதன காமராஜன்' கேசட்டை எத்தனை தடவை எடுத்தேன் என்று கணக்கில்லை. நான்கு கமல் இருக்கிற படம். ஆனால் காமேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழில் பேசும்போது பக்கத்தில் மணி ஐயராக நிற்கிற கணேஷைப் பாருங்கள். வளர்த்த பிள்ளையின் அசட்டுத்தனம் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்கிறார். கோபம் வருகிறது, பாசம் அதைத் தடுக்கிறது, அடுத்து என்ன ஆகுமோ என்ற பயமும் வருகிறது. இதெல்லாம் மற்றவர் பேசி முடிப்பதற்குள். அந்தப் படத்துக்கு முந்தைய வருஷம், 1989இல், 'அபூர்வ சகோதரர்க'ளில் நான்கு வில்லன்களில் ஒருவராக வந்தவர் இவர்தான் என்று புதிதாகப் பார்ப்பவரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கதாநாயகன் நன்றாக நடித்தான் என்று நாம் சொல்லும் பல காட்சிகளில், எதிரே நின்று கேட்டவரின் பங்கு பாதி. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஒத்திகை அறையில் நின்றவன் என்ற முறையிலும் சொல்கிறேன். அடுத்தவன் வசனத்தை முதல் தடவை கேட்பது போல நூறாவது தடவையும் கேட்பது, ஒருவன் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகளில் மிகக் கடினமானது.

இதை சாரிடம் சொல்லியிருக்கவேண்டும். 1991இல் விமானம் ஏறுவதற்கு முன் சொல்லியிருக்கலாம். சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் வாங்கவும், மலை மந்திரில் அர்ச்சனை செய்யவும் நேரம் இருந்தது. அதற்கப்புறம் நான்கு தடவை டில்லி போனேன். ஒரு தடவை அவர் வீட்டு விலாசம் சட்டைப் பையில் இருந்தது. நம் வகுப்புத் தோழன் ஒருவன் தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 2009இல் சார் போய்விட்ட செய்தி நம் சங்கத்தின் சுற்றறிக்கையில் நான்கு வரியாக வந்தது. அந்தச் சீட்டு இன்னும் பழைய பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.

அம்மாவிடமும் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. ரொம்ப வருஷம் கழித்து ஃபோனில் பேச்சுவாக்கில் சொன்னார்கள்: நாடகத்துக்கு மறுநாள் சார் வீட்டுக்கு வந்தாராம். நான் கிரிக்கெட் ஆடப் போயிருந்தேன். காபி குடித்துவிட்டு, "பையனுக்கு வருத்தம் இருக்கும். அடுத்த வருஷம் பெரிய வேஷம் தரலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த வருஷம் நாடகத்துக்கு நான் பெயரே கொடுக்கவில்லை. "ஏம்மா அப்பவே சொல்லல?" என்று கேட்க வாய் வந்தது. லைன் சரியில்லை, அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. விட்டுவிட்டேன்.

சென்னையில் கணேஷின் உடலுக்கு விமானப்படையினர் வந்து மரியாதை செய்ததைச் செய்தியில் பார்த்தேன். யூனிபார்மைக் கழற்றி ஐம்பது வருஷம் ஆன ஒருவருக்கு. எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மலருக்குப் பழைய படங்கள் கேட்டிருந்தீர்கள். 1984 ஆண்டு விழாப் படம் ஒன்று அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து கிடைத்தது, அனுப்பியிருக்கிறேன். நடுவில் கிரீடத்தோடு நிற்பவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். இடது ஓரத்தில் ஈட்டியோடு நிற்பவன் நான். ராஜா பேசிக்கொண்டிருக்கிறான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.