அரிசி கலந்த மட்டன் உருண்டை: மூன்று ஈடு செய்து பார்த்ததில்

கொத்துக்கறியில் அரிசி கலந்து உருட்டிக் குழம்பில் போட்டால், சூடேறியதும் கறி சுருங்கித் தண்ணீர் விடும். அரிசி தண்ணீர் குடித்து விரியும். கறி விடும் தண்ணீர் அரிசிக்குப் போதாது. மீதியைக் குழம்புதான் தரவேண்டும். மூன்று ஈட்டிலும் தெரிந்தது இதுதான்.

முதல் ஈடு: 500 கிராம் மட்டன், 100 கிராம் ஊறாத பாசுமதி, எலுமிச்சை அளவு உருண்டை, கெட்டிக் குழம்பு. 40 நிமிடம் கழித்து ஒன்றை நறுக்கினால், ஓரத்து அரிசி வெந்திருக்கிறது. நடு அரிசி ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளி, கடித்தால் நறுக்கென்கிறது. குழம்பு கெட்டி, உருண்டை பெரிது. தண்ணீர் நடுவரை போய்ச் சேரவில்லை.

இரண்டாவது ஈட்டில் மிஞ்சிய தாய்லாந்து மல்லிகை அரிசிச் சோறு. ஏற்கெனவே வெந்த சோறு கறிச்சாற்றை இழுக்கவில்லை, பிசையும்போதே குழைந்துவிட்டது. உருண்டைகள் கொதியில் வாய் பிளந்தன. இந்த வழியை விட்டுவிடலாம்.

சரியாக வந்தது மூன்றாவது. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கறி வாங்கும்போது கொழுப்பும் சேர்த்து ஒரே தடவை அரைத்துத் தரச் சொல்லுங்கள்; வெறும் கால் கறி வறண்டுபோகும். 500 கிராமுக்கு 80 கிராம் பாசுமதி. அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, பத்து நிமிடம் வடியவிட்டு, துணியில் ஒற்றி எடுக்கவேண்டும். கறியில் முதலில் 8 கிராம் உப்பு மட்டும் போட்டு, கையில் ஒட்டும் பதம் வரும்வரை இரண்டு நிமிடம் பிசையுங்கள். உருண்டையைப் பிடித்து வைப்பது இந்த ஒட்டுதல்தான். முட்டையோ பொட்டுக்கடலை மாவோ தேவைப்படவில்லை. பிறகு இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சோம்புத்தூள் ஒரு தேக்கரண்டி, வதக்கி ஆறவைத்த சின்ன வெங்காயம் 60 கிராம். அரிசி கடைசியில், விரல் நுனியால் புரட்டிவிட்டால் போதும். அழுத்தி இறுக்கி உருட்டினால் அரிசி விரிய இடமில்லாமல் வெடிக்கும்.

உருண்டை 35 கிராம். உருட்டியதும் அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சிங்கப்பூர்ச் சமையலறைச் சூட்டில் கொழுப்பு இளகி உருண்டை தளர்ந்துவிடும். குளிரவைப்பதைத் தவிர்க்க வேண்டாம்.

வெங்காயம், மூன்று தக்காளி, மசாலா வதக்கி, 750 மில்லி தண்ணீர் ஊற்றி, ரசத்தைவிடச் சற்றே கெட்டியான குழம்பு வையுங்கள். இளங்கொதியில் ஒவ்வொன்றாக இறக்கி மூடவும். முதல் பத்து நிமிடம் கரண்டி போடக்கூடாது, சட்டியை மட்டும் அசைக்கலாம். பிறகு ஒரு தடவை திருப்பிவிட்டு மொத்தம் 35 நிமிடம். அரிசி முனை முனையாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கவே அழகு. ஒன்றை நறுக்கி, வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் தேங்காய்ப்பாலும் முடிச்சிட்ட பாண்டான் (ரம்பை) இலையும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போகவேண்டும். கறி ஒருபுறம் இருக்க, வெந்த அரிசியிலும் சூட்டைத் தாங்கி மிஞ்சும் கிருமி உண்டு. இரவில் அரிசி குழம்பை இழுத்துவிடும், அதனால் மறுநாள் அரை டம்ளர் வெந்நீர் விட்டுத்தான் சுடவைக்கவேண்டும்.

அடுத்த ஈடு பொன்னிப் புழுங்கலரிசியில். அது வேக நேரமெடுக்கும்; ஊறலை ஒரு மணி நேரமாக்கி, உருண்டையை 25 கிராமுக்குக் குறைக்கவேண்டும்.