57 இல்லை, சய 57

போன கிழமை பெறுபேறு வந்தது. புரதங்களின் வடிவத்தைப் படிக்கும் கட்டமைப்பு உயிரியலில் பாஸ். இரண்டாம் தரம் எழுதியதால் எங்களுக்கு C சித்திக்கு மேலே தரமாட்டார்கள். அந்த வலி இன்னும் இருக்கிறது. அடுத்ததாக எழுதப்போகும் தம்பி, தங்கச்சிமாருக்கு அது வரக்கூடாது.

முதல் தரம் நான் விழுந்தது ஒரே இடத்தில். நாலு அணுக்களின் ஆள்கூறுகளைத் தந்து, புரதச் சங்கிலியின் முறுக்குக் கோணமான ஃபை (φ) கேட்டிருந்தார்கள். கல்குலேட்டரில் கோசைன் நேர்மாறு அடித்தேன், 57. அதற்கு அடுத்த பிணைப்பின் முறுக்குக் கோணமான சை (ψ) 47. இரண்டும் சக (+) என்று எடுத்து, இடக்கைச் சுருள் என்று எழுதினேன். அதை நம்பி எழுதிய அடுத்த மூன்று பகுதியும் போச்சு. உண்மையில் அது சய 57 (−57), சய 47, சாதாரண வலக்கை அல்பா சுருள். கோசைன் நேர்மாறு 0 முதல் 180 வரைதான் தரும், குறியைச் சொல்லாது. நாலு அணுவை வரிசையாக இணைக்கும் மூன்று பிணைப்புகளில், இரண்டாம், மூன்றாம் பிணைப்புகளின் காவிப் பெருக்கத்தை (cross product) முதல் பிணைப்போடு எண்ணிப் பெருக்கம் (dot product) செய்யுங்கள். அதன் குறிதான் கோணத்தின் குறி. ஒரு வரி வேலை.

அப்புறம் ஒட்டுசுட்டானில் வீட்டிலிருந்து படித்தேன். அம்மா பெட்டி இழைக்க வைத்திருந்த சார்வோலையை இரண்டங்குலத் துண்டுகளாக வெட்டினேன். ஒரு துண்டு ஒரு பெப்ரைட்டுத் தளம், அதாவது இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் தட்டையான பகுதி. அந்தப் பிணைப்பின் முறுக்குக் கோணமான ஒமேகா 180க்குக் கிட்ட, முறுக்க வராது. மூலைக்கு மூலை நூலால் கட்டினேன். முடிச்சு விழும் இடம் அல்பா காபன், முடிச்சுக்கு முடிச்சு 3.8 அங்ஸ்ட்ரொம். திரும்புவது முடிச்சின் இரண்டு பக்கமும்தான், அதுதான் ஃபையும் சையும். ஒற்றைக் கண்ணால் பிணைப்பின் நீளப்பாட்டுக்குப் பாருங்கள். கிட்ட உள்ள முனையை வலஞ்சுழியாகத் திருப்பினால் தூர உள்ளதன்மேல் வரும் என்றால் சக.

ராமச்சந்திரன் வரைபைப் பாடமாக்க வேண்டாம். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் அணுக்கள் முட்டாத கோணங்களைக் கணக்கிட்டு வெளியிட்ட படம் அது. ஓலையைத் திருப்பினால் எங்கே முட்டும் என்று கையே சொல்லும். கணினி கட்டித்தரும் புரத மாதிரியையும் இன்றுவரை அந்த வரைபில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

மற்றவை:
- கிளைசீன் என்ற அமினோ அமிலம் சக ஃபையில் நின்றால் பயமில்லை. வலீன் என்ற அமினோ அமிலம் நின்றால் மாதிரியைச் சந்தேகியுங்கள்.
- புரோலீன் என்ற அமினோ அமிலத்தின் ஃபை சய 65க்குக் கிட்டப் பூட்டியிருக்கும்.
- ஒமேகா 0க்குக் கிட்ட வந்தால், அடுத்தது புரோலீனா என்று முதலில் பாருங்கள்.
- அல்பா சுருளுக்கு ஒரு சுற்றில் 3.6 அமினோ அமிலம், 5.4 அங்ஸ்ட்ரொம் உயரம். இவற்றை மட்டும் பாடமாக்குங்கள்.

இரண்டாம் தரமும் நாலு அணு வந்தது. கல்குலேட்டர் 64 காட்டியது. பெருக்கிப் பார்த்து, சய 64 என்று எழுதி, அந்தச் சிறு கோட்டை இன்னொரு தரம் அழுத்திக் கீறினேன்.