ஆறாவது பேட்ஸ்மேனும் ஐந்தாவது பந்துவீச்சாளரும் ஒரே ஆளா?

டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். நான்கு பந்துவீச்சாளர்களோடு இறங்கும் அணியில் ஆளுக்கு 22, 23 ஓவர் விழுகிறது. ஆடுகளத்தில் உயிர் இல்லாத நாளில், வேகப்பந்து வீச்சாளர் மாலையில் நான்காவது ஸ்பெல்லுக்கு (இடைவிடாமல் வீசும் ஓவர்களின் தொகுதிக்கு) ஓடி வரும்போது பந்து பேட்ஸ்மேனைத் தேடிப் போகாது, பேட்ஸ்மேன்தான் பந்துக்காகக் காத்திருப்பார். மறுநாள் புதுப்பந்தைக் கொடுத்தாலும் முந்தைய நாள் களைப்பு காலில் இருக்கும். ஐந்தாவதாக ஒருவர் வந்து 15 ஓவரை வாங்கிக்கொண்டால் மற்ற நால்வருக்கும் 19 ஓவருக்குள் முடிந்துவிடும். ஒரு பேட்ஸ்மேனைக் குறைக்காமல் அந்த ஐந்தாவது ஆளைக் கொண்டுவர முடிகிறதா? ஆல்ரவுண்டர் என்ற பேச்சே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நம் ஆட்கள் வாதம் செய்யும்போது முதலில் நீட்டுவது சராசரிக் கணக்கு. பேட்டிங் சராசரியிலிருந்து பந்துவீச்சு சராசரியை, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்னைக் கழி, மிச்சம்தான் மதிப்பு என்பார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் 57.78, 34.03, கிட்டத்தட்ட 24 மிச்சம். தென்னாப்பிரிக்காவின் காலிஸ் 55.37, 32.65, ஏறக்குறைய 23. பாகிஸ்தானின் இம்ரான் கான் 37.69, 22.81, 15. கபில் தேவ் 31.05, 29.64, ஒன்றரைகூட இல்லை. ஐம்பது சராசரி வைத்திருக்கும் பேட்ஸ்மேன் ஒருவர் எப்போதாவது நாலு ஓவர் போட்டு, 34 சராசரியில் பத்து விக்கெட் எடுத்திருந்தால் அவருக்கு 16 வரும். இம்ரானைத் தாண்டிவிடுவார்! கணக்கு சரி, முடிவு அபத்தம்.

சராசரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஓவர் என்பதை. காலிஸ் 166 டெஸ்டில் 20,000 பந்துக்குச் சற்று மேல் வீசினார். டெஸ்டுக்கு 20 ஓவர். தென்னாப்பிரிக்காவிடம் தரமான வேகப்பந்து வீச்சாளர்கள் வரிசையாக இருந்த காலத்தில் ஐந்தாவது ஆளின் வேலை அவ்வளவுதான், அதைச் சுத்தமாகச் செய்தார். சோபர்ஸ் 93 டெஸ்டில் வீசியது ஆட்டத்துக்கு 38 ஓவருக்கு மேல். அதுவும் இடது கை வேகம், விரல் சுழல், மணிக்கட்டுச் சுழல் என்று மூன்று விதமாக. கபில் 131 டெஸ்டில் ஆட்டத்துக்கு 35 ஓவர் வீசினார். பெரும்பாலும் மறுமுனையில் சரியான வேகத்துணை இல்லாமல், பாதி ஆட்டங்கள் இந்தியத் தூசி மண்ணில். அந்த ஒன்றரையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு உரைகல் உண்டு: ஒரு வேலையைப் பிடுங்கிவிட்டால் மற்ற வேலைக்காக மட்டும் அவரை அணியில் எடுப்பீர்களா? இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 1983இல் இம்ரானுக்குக் கீழ்க்கால் எலும்பில் விரிசல். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை, பேட்ஸ்மேனாக மட்டும் ஆடி இலங்கைக்கு எதிராகச் சதம் அடித்தார். ஆண்டுக் கடைசியில் மெல்போர்ன் டெஸ்டிலும் வெறும் பேட்ஸ்மேன்தான். 83, ஆட்டமிழக்காமல் 72. அதே ஆண்டு ஜனவரியில் ஃபைசலாபாத்தில் இந்தியாவுக்கு எதிராக 117 ரன்னும் 11 விக்கெட்டும் எடுத்த ஆள்! ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த மற்ற இருவர், 1980இல் பம்பாயில் இங்கிலாந்தின் போத்தமும் 2014இல் குல்னாவில் வங்கதேசத்தின் ஷகிபும்.

இந்த உரைகல்லில் அஸ்வினை உரசினால் பதில் உடனே வந்துவிடும். 537 விக்கெட், ஆறு சதம். 2021 சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை 106 ரன்னும் எட்டு விக்கெட்டும் எடுத்துச் சாய்த்தார். ஆனாலும் 25.75 சராசரிக்கு யாரும் பேட்ஸ்மேனாக இடம் தரமாட்டார்கள். அவர் மகத்தான பந்துவீச்சாளர். எட்டாம் இடத்தில் அவர் அடிக்கும் ரன் அணிக்கு லாபம். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் இதில் குறைவு எதுவும் இல்லை.

அணியின் கட்டமைப்பை ஓர் ஆள் எப்படிக் காப்பாற்றுகிறார் என்பதற்கு 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பிரிஸ்பேன் டெஸ்டைவிட நல்ல பாடம் கிடையாது. அஸ்வினும் ஜடேஜாவும் காயத்தில் வெளியே. ஏழாம் இடத்தில் வாஷிங்டன் சுந்தருக்கு முதல் டெஸ்ட், நடராஜனுக்கும் அதுவே முதல் டெஸ்ட். இந்தியா ஐந்து பந்துவீச்சாளர்களோடு இறங்கியது. முதல் நாளே சைனி எட்டாவது ஓவரை முடிக்காமல் தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். நால்வரோடு இறங்கியிருந்தால் அங்கேயே மூவர்தான் மிச்சம். சுந்தர் 31 ஓவர் வீசி 89 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுத்தார். அணியில் அதிக ஓவர் அவருடையது. பிறகு 369க்குப் பதிலாக 186க்கு ஆறு விக்கெட் என்று நின்றபோது உள்ளே போய், ஷர்துலோடு 123 ரன் சேர்த்தார். கடைசி நாள் 328ஐ விரட்டும்போது அவர் அடித்த 22ஐப் பலர் மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் ஆட்டத்தில் தராசு கொஞ்சம் இளகும். இன்று யாரும் பத்து ஓவருக்கு மேல் வீச முடியாது என்பதால் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். அந்த ஐந்தாவது பத்து ஓவரை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் விக்கெட் கீப்பர் கிர்மானி பத்தாவதாக ஆட இறங்கினார் என்றால் வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். உரைகல்லில் உரசினால் கபில் ஒருவர்தான் முழுத் தங்கம். ஆனால் அந்தத் தொடரில் பின்னி 18, மதன்லால் 17 விக்கெட் எடுத்தார்கள், இறுதியில் அமர்நாத் 26 ரன்னும் 12க்கு மூன்று விக்கெட்டும். இங்கிலாந்தின் ஈர மண்ணில், மிதவேகத்துக்குப் பந்து அசைந்ததால் இது செல்லுபடியானது. அதே ஆட்களைக் காய்ந்த ஆடுகளத்தில் இறக்கினால் இரண்டும் கெட்டான் அணி ஆகிவிடும்.

உள்ளூர் லீக்கில் ஆல்ரவுண்டர்கள் வீணாவது பெரும்பாலும் பயிற்சியில். நெட்ஸில் பையன் ஒன்றரை மணி நேரம் பந்து வீசுவான். இருட்டும்போது கடைசி ஆளாகப் பத்து நிமிடம் பேட்டிங். அதில் தூக்கி அடிப்பதைத் தவிர வேறு என்ன செய்வான்? வாரத்தில் ஒரு நாளாவது அவனை முதலில், புதுப்பந்துக்கு எதிராக ஆட விடுங்கள். இன்னொரு நாள் ஐந்தாறு ஓவர் முழு வேகத்தில் வீசியவுடன் பேடு கட்ட வையுங்கள். இன்னிங்ஸ் இடைவேளை பத்து நிமிடம்தான் என்பதால் ஆட்டத்தில் அப்படித்தான் நடக்கும். நாள் முழுக்க வீசியவர் தொடக்க ஆட்டக்காரராகவும் இறங்குவது அபூர்வம் என்பதற்கும் அதுவே காரணம். 1952 லார்ட்ஸில் வினு மன்கட் 73 ஓவர் வீசிவிட்டுத் தொடக்க ஆட்டக்காரராகப் போய் 184 அடித்தது அதனால்தான் இன்றும் பேசப்படுகிறது.

வேகம் வீசும் பையன் என்றால் நெட்ஸ் பந்துகளையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு வாரம் 100, அடுத்த வாரம் 200 என்று தாவுவதுதான் ஆபத்து. கீழ் முதுகெலும்பில் விரிசல் விழுவது இருபதைத் தாண்டாத வயதில் அதிகம். வலது கைக்காரருக்கு வலி பெரும்பாலும் இடது பக்கம் தொடங்கும். இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்தும் தோள் பக்கவாட்டிலும் முறுக்கிக்கொள்ளும் ஆக்‌ஷன் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். ஹர்திக் பாண்ட்யா 2018இல் நாட்டிங்காமில் 28 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அதே தொடரில் சவுத்தாம்ப்டனில் ஆடியதற்குப் பிறகு டெஸ்டுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு முதுகில் அறுவை சிகிச்சை. டி20இல் ஒரு நாளைக்கு 24 பந்து அந்த முதுகு தாங்குகிறது, 120 தாங்குமா என்பது வேறு கேள்வி.

2023இல் ஐ.பி.எல். கொண்டுவந்த இம்பாக்ட் பிளேயர் விதியில் அந்த 24 பந்துக்கும் வேலை குறைந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவில் ஒரு பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு முழுநேரப் பந்துவீச்சாளரை இறக்கலாம் என்றால், அடித்து ஆடிவிட்டு எப்போதாவது பந்து வீசும் ஷிவம் துபே கையில் எந்த கேப்டன் பந்தைக் கொடுப்பார்?