1903இல் லைப்சிக் கோப்பை வாங்கிய விதம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ கால்பந்துப் போட்டி நடத்துகிறவர்களுக்கு மூன்று தகராறுகள் பழக்கம். எந்த ஊர்ப் பொட்டலில் ஆடுவது, வண்டிச் செலவை யார் தருவது, வராத அணியை என்ன செய்வது. ஜெர்மனி முதன்முதலாகத் தேசியச் சாம்பியன்ஷிப் நடத்திய 1903ஆம் ஆண்டில் இந்த மூன்றுமே வந்தன, மூன்றும் கோப்பை போன திசையைத் தீர்மானித்தன. அந்தக் கோப்பையை வாங்கிய சங்கம் வி.எஃப்.பி. லைப்சிக். பயர்ன் மியூனிக், டார்ட்மண்ட் என்று பேசும் நம் பிள்ளைகளில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

லைப்சிக் அன்று ஜெர்மன் கால்பந்துக்கு நடு இடம். ரயில் பாதைகள் கூடும் வணிக நகரம், பல்கலைக்கழகமும் உண்டு. 1900 ஜனவரி 28ஆம் தேதி 86 சங்கங்களின் சார்பில் ஆட்கள் இங்கேதான் மரியன்கார்ட்டன் என்ற விடுதியில் கூடினார்கள். தேசியக் கூட்டமைப்பு வேண்டுமா என்று வாக்கெடுத்ததில் வேண்டும் என்று 62 வாக்குகள், வேண்டாம் என்று 22 வாக்குகள். முதல் தலைவராகத் தேர்வானவர் ஃபெர்டினாண்ட் ஹுய்ப்பே. பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியர், டி.எஃப்.சி. பிராக் சங்கத்தைச் சேர்ந்தவர். பிராக் அன்று ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. ஆனாலும் ஜெர்மன் மொழி பேசும் சங்கங்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலும் சேரலாம் என்று விட்டிருந்தார்கள். அந்தச் சலுகைதான் மூன்று வருஷத்தில் இறுதிப்போட்டிவரை பேசியது.

வி.எஃப்.பி.யின் வேர் உடற்பயிற்சிச் சங்கத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் அன்று கட்டுக்கோப்பான குழு உடற்பயிற்சிதான் உயர்வு. பந்தை உதைப்பது இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த முரட்டுத்தனம் என்ற எண்ணம் ஆசிரியர்களிடம்கூட இருந்தது. அதனால் பந்து ஆடுகிறவர்கள் பிரிந்து 1896இல் தனிச் சங்கமானார்கள். 1898இல் ஸ்போர்ட்ப்ரூடர் என்ற சங்கம் வந்து இணைந்தது. அது 1893இல் தொடங்கியது என்பதால், இணைந்த சங்கமும் 1893ஐயே தன் பிறந்த வருஷமாக எடுத்துக்கொண்டது. சில பட்டியல்களில் 1893 என்றும் சிலவற்றில் 1896 என்றும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1903 போட்டிக்கு ஆறு அணிகள் வந்தன. லைப்சிக், பிரிட்டானியா பெர்லின், ஆல்டோனா 93, விக்டோரியா மாக்டபுர்க், கார்ல்ஸ்ரூஹே, பிராக். லைப்சிக் முதலில் பிரிட்டானியாவை 3-1, அடுத்து அரையிறுதியில் ஆல்டோனாவை 6-3 என்று வென்றது. இரண்டும் ஒழுங்கான ஆட்டங்கள். சிக்கல் எல்லாம் பட்டியலின் மறுபக்கத்தில்.

கார்ல்ஸ்ரூஹே தென்மேற்கு மூலையில், பிராக் கிழக்கே. எங்கே ஆடுவது, பயணச் செலவுக்கு என்ன வழி என்று இழுபறி முற்றி அந்த முதல் சுற்று ஆட்டம் நடக்கவே இல்லை. கூட்டமைப்பு இருவரையும் அரையிறுதிக்கு ஏற்றிவிட்டு, அங்கே ஒருவரோடு ஒருவர் மோதட்டும், இடம் லைப்சிக் என்று அறிவித்தது. கார்ல்ஸ்ரூஹே அன்று பலமான அணி. அவர்கள் புறப்பட வேண்டிய நேரத்தில் ஒரு தந்தி வந்தது: ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. நம்பி ஊரிலேயே இருந்துவிட்டார்கள். தந்தி பொய். யார் அனுப்பியது என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. வராத அணி தோற்ற அணி என்று விதியைச் சொல்லி, பிராக்கை இறுதிக்கு அனுப்பிவிட்டார்கள். தேசியச் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டிக்கு ஓர் அணி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வந்தது இப்படித்தான்.

தந்தியின் பலவீனத்தைச் செட்டிநாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தந்தி வாங்கிய வீடுகள் இங்கே தெருத்தெருவாக உண்டு. தாளில் அனுப்பியவர் பெயர் இருக்கும், கையெழுத்து இருக்காது. காசு கட்டுகிற யாரும் எந்தப் பெயரையும் எழுதலாம். கார்ல்ஸ்ரூஹே திருப்பி ஒரு தந்தி அடித்து விசாரித்திருந்தால் போதும். இன்றைக்கும் ‘மேட்ச் கேன்சல்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், கமிட்டிச் செயலாளரின் குரலைக் கேட்காமல் வேனைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இறுதிப்போட்டி மே 31, ஹாம்புர்க்கை ஒட்டிய ஆல்டோனாவில். அன்று அது தனி நகரம். ஆடிய இடம் எக்சர்சியர்வைடே, அதாவது ராணுவம் பயிற்சி செய்யும் பொட்டல். நம் ஊர்ப்பக்கம் வற்றிய கண்மாயில் கோல் கம்பம் நட்டு ஆடுகிறோமே, அந்த வகை. கூட்டம் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. நடுவர் ஃபிரான்ஸ் பேர், ஆல்டோனா 93 சங்கத்துக்காரர். அரையிறுதியில் லைப்சிக்கிடம் தோற்ற அதே சங்கம். எல்லாம் தயாரான பிறகு ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கவில்லை, காரணம் பந்து. ஆடத் தகுந்த பந்து கையில் இல்லை. தேடிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஒரு பந்துக்காக இறுதிப்போட்டி காத்திருந்ததா என்று கேட்பவர்கள் அன்றைய பந்து எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே தோல் உறை, உள்ளே ரப்பர் பிளாடர். தோல் பட்டைகளை உட்புறம் வெளியே தெரியும்படி மெழுகு நூலால் தைத்து, விட்டுவைத்த வாய் வழியாகப் புரட்டி எடுப்பார்கள். அந்த வாய்க்குள் பிளாடரை மடித்து நுழைத்து, விரலால் உள்ளே சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். பிளாடரின் குழாய் வாய்க்கு நேராக வெளியே நிற்க வேண்டும். பம்பால் காற்றடித்து, குழாயை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டி, அதைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளி, வாய்க்கு அடியில் ஒரு தோல் நாக்கைச் செருகி, கடைசியாகத் தோல் நாடாவைக் கொக்கி ஊசியால் துளைத்துளையாகக் கோத்து இழுக்க வேண்டும். பழகிய கைக்கே கால் மணி நேரம் பிடிக்கும் வேலை.

கெட்டுப்போகும் இடங்கள் பல. பிளாடர் உள்ளே முறுக்கிக்கொண்டால் பந்து ஒரு பக்கம் புடைக்கும், தரையில் உருளும்போது தள்ளாடும். குழாயின் கட்டு தளர்ந்தால் பாதி ஆட்டத்துக்குள் பந்து தொங்கிப்போகும். நாடாவை லூசாக விட்டுக் காற்றை அதிகமாக அடித்தால் வாய் பிளந்து, பிளாடர் வெளியே பிதுங்கி வெடிக்கும். குழாய் நாடாவுக்கு நேர் கீழே தங்கினால் அங்கே ஒரு முண்டு. தலையால் முட்டுகிறவன் நெற்றி பிய்யும். நாடா வைத்த பந்தில் ஆடிய நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த வலி தெரியும். மழை பெய்தால் தோல் தண்ணீர் குடித்துக் கனக்கும். அன்றைய விதிப்படி எடை 13 முதல் 15 அவுன்ஸ், கிட்டத்தட்ட 370 முதல் 425 கிராம். சுற்றளவு 27 முதல் 28 அங்குலம். இன்றைய பந்து 410 முதல் 450 கிராம். ஆக அன்றைய பந்து காய்ந்திருக்கும்போது இன்றையதைவிட இலேசு, நனைந்தால் கதை வேறு. எடைக் கணக்கு ஆட்டத் தொடக்கத்துக்கு மட்டும்தான்.

ஆட்டத்தின் விதிகளும் நாம் பார்த்துப் பழகியவை அல்ல. கோல்கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். 1912இல்தான் அது பெனால்ட்டி எல்லைக்குள் சுருங்கியது. ஆஃப்சைடு ஆகாமல் இருக்க எதிரணியினர் மூன்று பேர் முன்னால் இருக்க வேண்டும். இரண்டு பேர் என்று மாறியது 1925இல். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. பதினொரு பேரில் ஒருவருக்குக் கால் பிசகினால் பத்து பேர்.

முதல் கோல் பிராக் போட்டது. இடைவேளையில் 1-1. முடிவு லைப்சிக் 7, பிராக் 2. பிராக் ஆட்டக்காரர்கள் முந்தின இரவு ஹாம்புர்க்கின் சாங்க்ட் பவுலி பகுதியில் சுற்றிக் களைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதை தேவையே இல்லை என்பது என் கட்சி. போட்டி ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வந்த அணி, இரண்டு கடினமான ஆட்டங்களில் சூடேறி வந்த அணியோடு முதல் பாதி முழுக்கச் சமமாக நின்றது. இரண்டாம் பாதியில் 6-1. கால்களில் ஆட்டம் இல்லாததன் அடையாளம் அது. பிராக்கை மட்டமாக எண்ண வேண்டாம். யூத ஆட்டக்காரர்கள் நிறைய இருந்த நல்ல சங்கம், 1939இல் நாஜி ஆக்கிரமிப்போடு முடிந்துபோனது.

அடுத்த வருஷம் இன்னும் மோசம். லைப்சிக் மறுபடி இறுதிக்கு வந்தது, எதிரே பிரிட்டானியா பெர்லின். இடம் காசல், நாள் 1904 மே 29. பெர்லினில் பிரிட்டானியாவிடம் 6-1 என்று தோற்ற கார்ல்ஸ்ரூஹே, இரு அணிக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்தில்தான் ஆட வேண்டும் என்ற விதி மீறப்பட்டது என்று புகார் கொடுத்திருந்தது. புகார் சரிதான். ஆனால் அந்த வருஷம் மற்ற ஆட்டங்களும் பொது மைதானத்தில் நடக்கவில்லை; ஒன்றைச் செல்லாது என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கடைசியில் இறுதி நாளன்றே போட்டியை ரத்து செய்தார்கள். 1904க்குச் சாம்பியன் இல்லை. நோட்டீஸில் ‘பொது மைதானம்’ என்று அச்சடித்துவிட்டுப் போட்டியை நடத்தும் ஊரின் அணியைச் சொந்தப் பொட்டலில் ஆடவிடும் கமிட்டிகள் இதைப் படிக்க வேண்டும். புகார் வந்தால் ஓர் ஆட்டத்தோடு நிற்காது.

1906இல் நூரெம்பர்க்கில் ஃபோர்ஸ்ஹைமை 2-1 என்று வென்று இரண்டாவது பட்டம். முன்கள ஆட்டக்காரர் ஹைன்ரிஷ் ரீசோ இரண்டு பட்டங்களிலும் இருந்தார். 1911இல் டிரெஸ்டனில் விக்டோரியா பெர்லினிடம் 3-1 தோல்வி. 1913இல் மியூனிக்கில் டூய்ஸ்புர்க்கை 3-1 என்று வென்று மூன்றாவது. அந்தக் காலத்தின் பெரிய பெயர் காமில்லோ ஊகி, ஜெர்மனிக்காக 15 ஆட்டங்கள் ஆடியவர். 1914 இறுதியில் ஃப்யூர்த்திடம் 3-2 என்று தோற்றார்கள். கோல் விழும்வரை நீட்டிக்கொண்டே போகும் விதியால் அந்த ஆட்டம் இரண்டரை மணி நேரத்தையும் தாண்டியது. இரண்டு மாதத்தில் உலகப் போர்.

பழைய பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு: 1946இல் இந்தச் சங்கம் கலைக்கப்பட்டது. அதே ப்ரோப்ஸ்ட்ஹைடா மைதானத்தில் பல பெயர்களில் தொடர்ந்த அணி 1966இல் லோகோமோட்டிவ் லைப்சிக் ஆனது, 1991இல் மறுபடி வி.எஃப்.பி. பெயரை எடுத்தது, 2004இல் கடனில் மூழ்கி முடிந்தது. 1993-94இல் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பண்டஸ்லீகாவில் ஆடியது இந்த இரண்டாவது வி.எஃப்.பி. ஸ்டுட்கார்ட்டின் வி.எஃப்.பி. வேறு சங்கம். 1903, 1906, 1913 பட்டங்கள் லைப்சிக்கின் பழைய சங்கத்துடையவை.